சொந்த வேலைக்கு ஒரு நாள் லீவு

அத்தியாயம் 17

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வரவில்லை.

தாம்பரத்தில் அந்தப் பதிவு அலுவலகத்து வராந்தா பெஞ்சில் லோகநாயகி உட்கார்ந்திருந்தாள். கத்திரி வெயில் சிமென்ட் தரையில் பட்டுக் கண் கூசியது. பக்கத்தில் மகள் ஸ்ம்ருதி, மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், கையிலிருந்த செல்போனையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு மாலைகள் வாடிக்கொண்டிருந்தன.

எதிர் பெஞ்சில் மாப்பிள்ளையின் தாய் முத்தாலம்மாளும், தங்கை அஞ்சலியும். கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். சம்பந்திகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இன்றைக்குத்தான். மூன்று சாட்சிகள் வேண்டும். லோகநாயகியும் அவர்கள் இருவருமாக மூன்று பேரும் வந்தாயிற்று. மகேஷைத்தான் காணோம்.

"மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப்," என்றாள் ஸ்ம்ருதி.

சிட்லபாக்கத்து வீட்டில் லோகநாயகியின் கணவர் யக்ஞநாராயணன் இந்நேரம் ஹிந்து பேப்பரை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு இது எதுவும் தெரியாது. மனைவி வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போயிருக்கிறாள், மகள் ராஜகீழ்ப்பாக்கத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். "மீன் விக்கறவா ஆத்துப் பையனா?" என்று அன்றைக்கு ஒரே வார்த்தையில் முடித்தவர்தான். அதற்குப் பிறகு மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டு, ஜாதகம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளேயிருந்து பதிவாளர் எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர்.

"என்னம்மா, பையன் வந்தாச்சா?"

"வந்துண்டே இருக்கார் சார்," என்றாள் லோகநாயகி.

"நாளையிலேருந்து நான் லீவும்மா. எம் பொண்ணுக்குப் பிரசவம். உங்க நோட்டீஸுக்கும் கெடு இந்த வாரத்தோட முடியுது. சாயங்காலத்துக்குள்ள வந்தீங்கன்னா முடிச்சுடலாம். இல்லேன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மறுபடி முதலிலிருந்து என்றால் மறுபடி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மறுபடி அறிவிப்புப் பலகையில் இரண்டு பேர் பெயரும் ஒரு மாதம் தொங்கும். இந்தத் தடவை யார் கண்ணிலும் படாமல் தப்பியதே பெரிது.

ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று. இரண்டு முறையும் மகேஷ் சொன்ன காரணம் ஒன்றுதான்: லீவு கிடைக்கவில்லை.

லோகநாயகிக்கு அப்போதே உறுத்தியது. இப்போது வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"லீவு கிடைக்கலேன்னு யாராவது சொந்தக் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவாளா? எனக்கு என்னமோ நம்பிக்கையே வரல ஸ்ம்ருதி."

"அம்மா!"

முத்தாலம்மாள் காதிலும் அது விழுந்துவிட்டது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா சொல்ற? எம்புள்ள ஓடிப் பூட்டான்றியா? இந்த வாட்டி லீவு குடுத்துட்டாங்க. காலையில ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, ஒரு மணி நேரம் வந்து வேலையக் காட்டிக் குடுத்துட்டுப் போன்னு. புதுச் சட்டைய மாட்டிகினு, குங்குமம் வெச்சிகினு, 'நீங்க நேரா தாம்பரம் போங்க, நான் பைக்ல வந்துர்றேன்'னு சொல்லிட்டுத்தான் போனான்."

"ஒரு மணி நேரம்னா இந்நேரம் வந்திருக்கணுமே?"

முத்தாலம்மாள் கண்ணிலும் பயம் தெரிந்தது. பைக்கில் வருகிறவன். வண்டலூர் ரோட்டில் மண் லாரிகள் பறக்கின்றன. அதை யாரும் வாயால் சொல்லவில்லை.

லோகநாயகி எழுந்தாள்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன். ஆபீஸ்ல இருக்காரா, இல்லையான்னு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடும்."

"நானும் வரேன்," என்றாள் முத்தாலம்மாள்.

* * *

ஆட்டோக்காரர் ஜெயவேலு வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் ரோட்டில் விட்டார். அனல் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு தாய்மார்களும் ஆளுக்கு ஒரு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எதிரே கூட்டம் கூடியிருந்த இடங்களிலெல்லாம் இருவரும் ஒரே சமயத்தில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக் கூட்டம். தண்ணீர் லாரிக் கூட்டம். வேறொன்றுமில்லை.

மாம்பாக்கம் தாண்டியதும் முத்தாலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீயும் லீவு போட்டுகினுதான் வந்தியாம்மா?"

"ஆமா. நீங்க?"

"எனக்கு யாரு லீவு குடுக்கறது? கூடைய வூட்லயே வெச்சிட்டு வந்தேன், அவ்ளோதான். கேட்டாக்க கடல்கிட்டதான் கேக்கணும்."

லோகநாயகிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போயிற்று.

பழைய மகாபலிபுரம் சாலையில் அந்தக் கட்டடம் கண்ணாடியும் இரும்புமாக நின்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து டெலிபோன் பில் பற்றி யாரோ சந்தேகம் கேட்டால், இங்கே உட்கார்ந்து பதில் சொல்கிற கம்பெனி. கேட்டில் நின்ற செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தான். அடுத்த நொடி கையை இறக்கினான்.

"முத்தாலு அக்கா? இன்னா இந்தப் பக்கம்? மீனு இல்லாம வந்துகீற?"

"தயாளா, எம்புள்ள மகேஷு உள்ள கீறானா?"

"காலையில ஏழரைக்கே வந்தாரே. இன்னும் வெளிய போகல."

லோகநாயகிக்கு உயிர் வந்தது. ரோட்டில் விழவில்லை. ஓடிப்போகவும் இல்லை. ஆனால் வந்த உயிரோடு கோபமும் வந்தது. உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்துகொண்டு, அங்கே என் பெண்ணைத் தவிக்கவிட்டானா?

தயாளன் இருவரையும் ரிசப்ஷன் வரைக்கும் கூட்டிப் போனான். ஏசி குளிர் சட்டென்று அடித்தது. எதிரே தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

மூன்றாவது வரிசையில் மகேஷ்.

மடிப்புக் கலையாத சந்தன நிறச் சட்டை. நெற்றியில் வேர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கிய குங்குமம். யாரோடோ சிரித்த வாய் மாறாமல் பேசிக்கொண்டிருந்தான். ஆனால் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பேச்சு நிற்கவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டான், மறுபடி சிரித்தபடி பேசினான்.

லோகநாயகி அப்படியே நின்றுவிட்டாள். சந்தேகப்பட்டோமே என்ற எண்ணம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. முத்தாலம்மாள் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினாள். சத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. மகன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் ஒருவன் விறுவிறுவென்று வந்தான். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை. பெயர் ஹேமநாத், அந்தப் பிரிவின் மேனேஜர். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

"மேடம், நீங்க யாரு? என்ன வேணும்?"

லோகநாயகி திரும்பினாள். அதுவரை எவரிடமும் சொல்லாத வார்த்தை, தனக்குள்கூடச் சொல்லிப் பார்க்காத வார்த்தை, அவள் வாயிலிருந்து வந்தது.

"என் மாப்பிள்ளையைக் கூட்டிண்டு போக வந்திருக்கேன்."

முத்தாலம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"மகேஷையா? ஷிஃப்ட் முடிஞ்சதும் வருவார் மேடம்."

"இன்னிக்கு அவருக்கு லீவுன்னோ சார்? நீங்க குடுத்த லீவுதானே?"

"அப்ரூவ் ஆனது உண்மைதான். ஆனா காலையில நிறையப் பேர் வரல. வேலை நெருக்கடின்னா லீவை கேன்சல் பண்ற ரைட் கம்பெனிக்கு இருக்கு."

"அவருக்கு என்ன ரைட் இருக்கு?"

ஹேமநாத் ஒரு கணம் யோசித்தான். "ரெக்வெஸ்ட் பண்ணலாம் மேடம்."

"பண்ணினாரா?"

"பண்ணினார். என்ன காரணம்னு கேட்டோம். பர்சனல்னு மட்டும்தான் சொல்றார். சினிமாவுக்குப் போறதுகூட பர்சனல்தான். காரணம் தெரியாம நான் எப்படி விட முடியும், நீங்களே சொல்லுங்க."

"இன்னிக்கு அவருக்குக் கல்யாணம்."

ஹேமநாத்தின் முகம் மாறியது. ரிசப்ஷனில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத அவர் சொல்லவே இல்லியே!"

"சொல்லித்தான் ஆகணுமா? கல்யாணம்னா ஒரு லீவு, கருமாதின்னா ஒரு லீவு, காரணம் சொல்ல முடியலேன்னா உள்ளேயே கெடன்னு அர்த்தமா? நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஒரு நாள் சார் அது. அந்த நாள் அவரோடது."

"இன்னாத்துக்கு சார் அவன் போன ஆஃப் பண்ணி வெச்சிகினு கீறீங்க? ஒரு வார்த்த சொல்லக்கூட வுடலியே!" என்று முத்தாலம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"போன் உள்ள யாருக்குமே அலவ்டு இல்லம்மா. லாக்கர்ல இருக்கும்."

"சரி. வெளிய வரவேண்டியதுதானே அவன்?"

தயாளன்தான் பின்னாலிருந்து மெல்லச் சொன்னான்.

"கார்டு தேச்சாத்தான் கதவு தொறக்கும்கா. இன்னிக்கு எல்லார் கார்டையும் காலையிலயே வாங்கி வெச்சிட்டாங்க. யாரும் பாதியில போயிடக் கூடாதுன்னு."

லோகநாயகி சுற்றிலும் பார்த்தாள். இவ்வளவு சுத்தமான இடம். மூலையில் பூந்தொட்டி. இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்லும் பலகை. இதற்குள் படித்த பிள்ளைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதை 'மேடம், மேடம்' என்று எவ்வளவு பணிவாகச் சொல்கிறார்கள்!

"நீங்க அவரை வேலைக்கு வச்சிருக்கேளா, இல்ல, ஆளையே வாங்கிட்டேளா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "கதவைத் திறங்கோ சார். இல்லேன்னா, உள்ளே ஆளைப் பூட்டி வச்சிருக்கான்னு கேளம்பாக்கம் போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்றேன். அங்கே காரணம் கேட்டா, தாராளமாச் சொல்வேன்."

ஹேமநாத் அவளைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கதவில் வைத்தான்.

மகேஷ் வெளியே வந்தபோது அவனுக்கு முதலில் அம்மாவைத்தான் தெரிந்தது. அப்புறம் லோகநாயகியைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றான்.

"மகேஷ், நீ கிளம்பலாம்," என்றான் ஹேமநாத். "ஆனா கேன்சல் ஆன லீவுல போற. சொல்லாம வேலையை விட்டுப் போனதாத்தான் ரிப்போர்ட் போகும். நாளைக்கு இந்தக் கதவு உனக்குத் திறக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

மகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிட்டுத்தான் சார் போறேன். காலையிலேர்ந்து சொல்லிகினேதான் கீறேன்."

* * *

பைக்கை அங்கேயே போட்டுவிட்டு மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். மகேஷ் முன்னால் ஜெயவேலுவின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். லாக்கரிலிருந்து எடுத்து வந்த செல்போனை உயிர்ப்பித்து ஸ்ம்ருதிக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே மகேஷ்?" என்றாள் லோகநாயகி.

"எங்க டீம்ல உங்க சிட்லபாக்கம் பையன் ஒருத்தன் இருக்கான் அத்தை. ஏரிக்கரைகிட்ட வீடு. இங்க சொன்னா அன்னிக்கே மாமா காதுக்குப் போயிருக்கும். உயிரே போனாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஸ்ம்ருதிகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்."

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏனென்றால் அவள் சொல்லியிருந்தாள்.

நேற்றுத்தான். லாரி கம்பெனியில் அவள் கணக்கு எழுதுகிறாள். மேனேஜர் வேதாசலம் அவளுடைய லீவு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சொந்த வேலைன்னா எப்படி மேடம்? என்னன்னு சொன்னாத்தான் கையெழுத்து" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் மென்று விழுங்கினாள். பொய் ஒன்றும் தோன்றவில்லை. "என் பொண்ணுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் சார். எங்காத்துக்காரருக்கே தெரியாது. தயவுபண்ணி உங்களோட வச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவரும் நெஞ்சில் கைவைத்து, "நான் அப்படிப்பட்டவனா மேடம்?" என்றார்.

இதோ, இந்தப் பிள்ளை காலையிலிருந்து கண்ணீர் விட்டும் வாயைத் திறக்கவில்லை. நாமோ ஒரு கையெழுத்துக்காகச் சொல்லிவிட்டோம். அவள் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வண்டலூர் வரும்போது மகேஷின் போன் அடித்தது. எடுத்தான். கேட்டான். பின்பக்கம் லோகநாயகியிடம் நீட்டினான்.

"அம்மா," என்றாள் ஸ்ம்ருதி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அப்பா வந்திருக்கார்."

"என்னது? எப்படீடி?"

"உன் மேனேஜர் ஆத்துக்குப் போன் பண்ணினாராம். ஏதோ பீரோ சாவி எங்கேன்னு கேக்க. அப்பா, அவ ஆபீஸுக்குத்தானே வந்திருக்கான்னாராம். அதுக்கு அவர், 'ஓ, உங்களுக்கு இன்னும் சொல்லலையா? பொண்ணுக்கு இன்னிக்கு ரிஜிஸ்டர் கல்யாணமாச்சே சார், வாழ்த்துகள்'னு..."

போன் லோகநாயகியின் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

* * *

யக்ஞநாராயணன் அதே வராந்தா பெஞ்சில், முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் பள்ளிக்கூட வாத்தியார் உட்காரும் உட்கார்வு மாறவில்லை. பக்கத்தில் ஸ்ம்ருதி, அழுது முகம் வீங்கி. தூரத்தில் அஞ்சலி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் கத்துவார் என்று லோகநாயகி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அவள் பக்கம் பார்க்கவே இல்லை. மகேஷைத்தான் ஏற இறங்கப் பார்த்தார், மூக்குவரை கரைந்திருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"எங்கே இருந்தே இவ்வளவு நேரம்?"

"ஆபீஸ்ல சார். விடல."

"இப்போ எப்படி விட்டா?"

"விடல சார். வந்துட்டேன்."

"வேலை?"

"தெரியல."

யக்ஞநாராயணன் மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் வந்தப்போ மாப்பிள்ளை வரலைன்னு இவ உக்காந்துண்டிருந்தா. அவன் வரமாட்டான், ஆத்துக்கு வான்னேன். வருவான்னா. பத்துப் பேர் முன்னாடி சொன்னேன், 'வந்தா நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்'னு." எழுந்துகொண்டார். "வா, உள்ளே."

லோகநாயகிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பதிவாளரும் ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

கையெழுத்தாயிற்று. முத்தாலம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். லோகநாயகி போட்டாள். கடைசியாக, அஞ்சலிக்குப் பதிலாக யக்ஞநாராயணன், ஒரு எழுத்துக் கோணாமல், தன் முழுப் பெயரையும் எழுதினார். அஞ்சலி வாடிய மாலைகளை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் மாற்றிக்கொண்டு காலில் விழுந்தபோது அவர் பின்வாங்கவில்லை. ஸ்ம்ருதியின் தலையில் ஒரு நொடி கையை வைத்தார்.

லோகநாயகிக்கு அழுகை பொங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு தோல் பையை வெளியே இழுத்தார். ஊருக்குப் போகும்போது எடுக்கிற பை. புடைத்திருந்தது. அவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். இங்கே என்ன நடக்கும் என்று தெரிவதற்கு முன்பே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே, அவர் துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏன்னா... எங்கே கிளம்பறேள்?"

"நீ ஆத்துக்குப் போ, லோகா. சாவி எதிர்த்தாத்துல குடுத்திருக்கேன்."

"எங்கேன்னு சொல்லிட்டுப் போங்களேன். எத்தனை நாள்?"

முதன்முறையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தக் கண்ணில். அதுதான் அவளைக் கலங்கடித்தது.

"உன் மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்றேன். நம்மாத்து விஷயமெல்லாம் அவருக்குத்தானே முதல்ல தெரியணும்?"

ஜெயவேலுவின் ஆட்டோ இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. யக்ஞநாராயணன் அதில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும், சிட்லபாக்கம் போகிற பக்கம் திரும்பாமல், நேராக ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்துப் போயிற்று.